அப்பாவுக்கு அரசு கார்டு போதுமா, தனியார் பாலிசி வேணுமா?

நீங்க சரவணம்பட்டியில ஐ.டி. வேலை, அப்பா பொள்ளாச்சியில. அவருக்கு 66 வயசு, சுகர் இருக்குன்னு வச்சுக்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். உங்க பேரும் அதே ரேஷன் கார்டுல இருந்தா, உங்க சம்பளமே அதைத் தாண்டிடும். 2024 அக்டோபர்ல வந்த ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுக்கு வருமான வரம்பே இல்லை. வருஷத்துக்கு 5 லட்சம், பழைய நோய்க்கும் காத்திருப்பு கிடையாது. ஆனா 70 வயசு ஆகணும். அந்த 5 லட்சமும் அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

அதுவரைக்கும் நாலு வருஷம்? அங்கதான் தனியார் பாலிசி. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம். இப்ப எடுத்தா 69-லயே முடிஞ்சிடும். சுகரை மட்டும் மறைக்காதீங்க, கிளெய்ம் அப்பதான் அடிபடும். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. (80டி-ல 50,000 கழிவு பழைய வரிமுறைக்கு மட்டும்.) ஆபீஸ் குரூப் பாலிசியை நம்பாதீங்க, வேலை மாறினா போச்சு.

70 ஆனதும் பாலிசியை விட்டுடாம கார்டையும் வாங்குங்க, ரெண்டும் வச்சுக்கலாம். பிரீமியம் கட்டறதுக்கு முன்னாடி, அப்பா வழக்கமா போற ஆஸ்பத்திரியோட இன்சூரன்ஸ் கவுண்டர்ல அந்த கம்பெனிக்கு கேஷ்லெஸ் உண்டான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.