தலைக்குள் ஓர் ஏரி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் 'பட்'டென்று திறக்கும். வளைவுக்கு வளைவு சிலருக்குத் தலை சுற்றும். காது அடைப்பது மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால். தலை சுற்றுவது, உட்காதில் இருக்கும் திரவம் ஒவ்வொரு திருப்பத்திலும் அலைவதால். சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை எட்டி, ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்தால் மூச்சு நிதானப்படும், தலைப்பாரமும் இறங்கும்.

ஏரியும் காடும் சேர்ந்த ஊர் ஏற்காடு. நம் தலைக்குள்ளும் ஓர் ஏரி உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீர் அது: மூளைத் தண்டுவடத் திரவம். வளர்ந்தவர் உடலில் எந்த நேரமும் சுமார் 150 மில்லி இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அதே அளவு இரத்தத்தில் போய்ச் சேர்கிறது. அதாவது, இந்த ஏரி தினமும் மூன்று முறைக்கு மேல் புதுநீராக மாறுகிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இதில் மிதப்பதால், 50 கிராம் அளவுக்கே பாரம் தருகிறது. இல்லாவிட்டால் மூளை தன் எடையாலேயே நசுங்கும்.

இந்த நீரோட்டத்தைக் கைவிரலால் உணர்ந்து சீராக்கலாம் என்பதுதான் கிரேனியோசேக்ரல் தெரபியின் அடிப்படை. கிரேனியம் மண்டையோடு, சேக்ரம் முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பு. 1899-இல் அமெரிக்க மாணவர் வில்லியம் சதர்லேண்ட், பிரித்து வைத்த மண்டையோட்டின் பொட்டெலும்பு விளிம்பைப் பார்த்தார். மீனின் செவுள்போல் சரிந்திருந்த அந்த விளிம்பு, மண்டை எலும்புகள் அசைகின்றனவோ என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தது. 1970-களில் ஜான் அப்லெட்ஜர் அதை இன்றைய சிகிச்சையாக வளர்த்தார். ஆடையோடு படுத்திருப்பவரின் தலையையும் இடுப்பையும் ஐந்து கிராம் எடையளவு மென்மையாகத் தொட்டிருப்பார்கள். ஒரு மணி நேரம்வரை ஆகும். நம் பக்கத்தில் ஆரோவில்லிலும் இது செய்யப்படுகிறது. ஒற்றைத் தலைவலி, கழுத்து வலி, தூக்கமின்மை, மன அழுத்தம் ஆகியவற்றுக்கு நல்லது என்கிறார்கள்.

அந்த நீரோட்டத்தின் தாளம் உண்மையில் கைக்குத் தட்டுப்படுகிறதா? 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆளின் தலையை ஒருவரும் பாதத்தை இன்னொருவரும் ஒரே நேரத்தில் தொட்டு எண்ணினார்கள். இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. வளர்ந்தவரின் மண்டை எலும்புகள் தையல் போட்டதுபோல் பல்லோடு பல் கோத்து இறுகியவை. மெல்லிய தொடுகை அவற்றை நகர்த்துவதற்குச் சான்றில்லை. 2019-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 681 நாள்பட்ட வலியாளர்களின் தரவுகளைத் தொகுத்து, இந்தச் சிகிச்சையால் வலி குறைவதாகக் கண்டார்கள். 2024-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் செய்த தொகுப்பாய்வோ, பயன் இருப்பதாகச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தது.

அப்படியானால் படுத்து எழுந்தவர் "லேசாக இருக்கிறது" என்பது பொய்யா? பொய்யே இல்லை. நம் தோலில் மெல்லிய தொடுகைக்கென்றே ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நிதானமாகச் செய்தி கொண்டுபோகும் இவை, நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது நன்றாகத் தூண்டப்பட்டு, இதமான உணர்வைத் தருகின்றன. கதகதப்பான கை, அமைதியான அறை, அவசரமில்லாத ஒரு மணி நேரம். இவை சேர்ந்தால் உடல் தளரும். எண்ணெய் வைத்துத் தலையை நீவிவிடும் பாட்டிமார் அறிந்த சுகம் இது. சித்த மருத்துவம் தட்டல், பிடித்தல், அழுத்தல் என்று தொக்கணம் என்ற நீவுமுறையையே ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

தலைக்குள் இருக்கும் ஏரியில் அலை எழுவது மெய்தான். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நீர் ஏறி இறங்குவதை எம்ஆர்ஐ படத்தில் பார்க்கலாம். ஆழ்ந்த உறக்கத்தில் பெரிய அலைகளாக மூளைக்குள் அது புகுவதைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2019-இல் காட்டினார்கள். கைக்குழந்தையின் உச்சிக்குழியில் தெரியும் துடிப்பைப் பார்க்காத தாய் உண்டா? அந்தக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதையொட்டி மூடிக்கொள்ளும். அதுவரை யார் சொன்னாலும் அதை அழுத்த விடாதீர்கள்.

ஓய்வுக்காகக் கிரேனியோசேக்ரல் சிகிச்சைக்குப் போவதில் தவறில்லை. மருந்துக்கு மாற்றாகக் கொள்வதுதான் தவறு. திடீரென்று வரும் கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் அண்மையில் அடிபட்டவர்களும் மூளையில் இரத்தக் கசிவு உள்ளவர்களும் இந்தச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்தமுறை ஏற்காடு போனால், ஏரிக்கரையில் அரைமணி நேரம் செல்பேசியை மறந்து உட்காருங்கள். நிதானமாக மூச்சு விடுங்கள். இரவில் நன்றாகத் தூங்குங்கள். மூச்சும் உறக்கமும் தலைக்குள் இருக்கும் நீரை அசைப்பதை அறிவியல் கண்ணாலேயே கண்டிருக்கிறது.