மண்ணின் மூச்சுக் கணக்கு

ஆகாயத்தில் கரியமிலவாயு பெருகுவதற்கு ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் காரணமல்ல, மண்ணே காரணம் என்று வாதிப்போர் மேல்நாடுகளில் இன்றும் உளர். அவர்கள் காட்டும் புள்ளி பொய்யன்று. அதிலிருந்து அவர்கள் பெறும் முடிவுதான் பொய். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகக் கவனிப்பது அவசியமாகிறது.

மண் மூச்சு விடுகிறது. வேர்கள் சுவாசிக்கின்றன, நுண்ணுயிர்கள் சருகையும் மட்கையும் தின்று கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. அமெரிக்க விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்ட மதிப்பின்படி, 2008-ம் வருஷத்தில் உலக மண் முழுவதும் வெளிவிட்ட கரி சுமார் 9,800 கோடி டன். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழுவதோ இன்று வருஷத்திற்குச் சுமார் 1,000 கோடி டன். ஆனால் மண் கொடுப்பதை மரமும் பயிரும் ஏறக்குறைய அப்படியே திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. புகைபோக்கியின் பேரேட்டிலோ செலவுண்டு, வரவில்லை. கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கோர்ட்டில் நீட்டி வழக்கை ஜயிக்கப் பார்ப்பது எந்த வக்கீலுக்கும் அழகன்று.

இம்மூச்சை அளப்பதெப்படி? 1920-களில் ஸ்வீடன் தேசத்து லுண்டகார்த் என்பவர் நிலத்தின்மீது மணி போன்ற மூடியைக் கவிழ்த்து, அதனுள் சேரும் வாயுவை அளந்தார். இன்றும் முறை அதுவே, கருவிதான் நுட்பமாகியிருக்கிறது. மண்ணில் ஒரு வளையத்தைப் பதித்து, அதன்மீது மூடியைப் பொருத்துகிறார்கள். உள்ளிருக்கும் காற்று, இன்ஃப்ராரெட் கிரணங்களை எவ்வளவு உறிஞ்சுகிறதென்று கண்டு, இரண்டொரு நிமிஷத்தில் கரியமிலவாயு ஏறும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். வளையத்தைப் பதித்தவுடனே அளந்தால், அறுந்த வேரும் கலைந்த மண்ணும் கணக்கைக் கெடுக்கும். நெடுநேரம் மூடி வைத்தாலோ, உள்ளே வாயு மிகுந்து, மண்ணிலிருந்து மேலும் எழுவதைத் தடுக்கும். சாட்சியைக் கலைக்காமல் விசாரிக்க வேண்டியிருக்கிறது!

வரவும் செலவும் சமமென்றோம். பூமியின் உஷ்ணம் ஏறினால் அச்சமநிலை நிலைக்குமா? அமெரிக்காவில் ஹார்வர்ட் வனத்தில் 1991 முதல் மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து, சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி அதிகமாகச் சூடேற்றி வந்தார்கள். 26 வருஷத்தில் மேல்மண் 60 சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளிருந்த கரியில் நூற்றுக்குப் பதினேழு பங்கு போய்விட்டது. சில ஆண்டுகள் மிகுதியாகவும், சில ஆண்டுகள் அடங்கியும் இந்நஷ்டம் நிகழ்ந்தது. ஐந்தாண்டில் ஆராய்ச்சியை முடித்திருந்தால் ஒரு தீர்ப்பும், பதினைந்தாண்டில் முடித்திருந்தால் வேறொரு தீர்ப்பும் கிடைத்திருக்கும். உஷ்ணப் பிரதேசமாகிய பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 4 டிகிரி சூடேற்றியபோது, இரண்டே வருஷத்தில் மண்ணின் மூச்சு நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு மிகுந்ததென 2020-ல் அறிவித்தார்கள்.

எனினும் உலகில் எடுக்கப்பட்டுள்ள அளவுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா முதலிய பிரதேசங்களின் மண்ணைப் பற்றியவை. உஷ்ண தேசங்களின் ஏடு மெலிந்து கிடக்கிறது. இதற்குள், நிலத்தில் கரியைச் சேர்த்தால் பணம் தருவோமென்று கம்பெனிகள் நம் குடியானவர்களிடம் ஒப்பந்தம் பேசத் தொடங்கிவிட்டன. நமது கரிசலும் செம்மண்ணும் விடும் மூச்சை அந்நியர் தேசத்து மண்ணின் விகிதப்படி மதிப்பிட்டு விலை வைப்பதை நாம் ஏன் ஒப்ப வேண்டும்?

விவசாயக் கலாசாலைகள் இவ்வேலையை ஏற்று வருஷக்கணக்கில் ஓயாமல் அளந்து வருதல் வேண்டும். கோடையில் ஒரு நாள், மாரியில் ஒரு நாள் அளந்து அறிக்கை எழுதுவது போதாது. காய்ந்த மண் நனைந்ததும் திடீரென மிகுதியாக மூச்சு விடுவதை, பர்ச் என்பவர் 1950-களிலேயே கீழ் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து காட்டினார். நெடுங்கோடைக்குப் பின் முதல் மழை பெய்யும் அந்த இரண்டொரு நாளில் கருவி பெட்டிக்குள் இருந்தால், வருஷக் கணக்கே குறைந்துபோகும்.