பூசைக்கேற்ற பன்னீர் ரோஜா

வெள்ளிக்கிழமை விடியலில் கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் இருவகை ரோஜாக்களைக் காணலாம். ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடில்களில் வளர்ந்து, நீண்ட காம்புடன் கட்டுக்கட்டாக வருவது ஒன்று. நிறமும் வடிவும் குறைவற்றவை. மணமோ பெரும்பாலும் இல்லை. காம்பின்றி எடைக்கு விற்கப்படும் இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜா மற்றொன்று. அன்று மலர்ந்து, மாலைக்குள் இதழ் உதிர்த்துவிடும் இயல்பு இதற்கு உண்டு. வணிகத்தில் இது குறை. வழிபாட்டில் இதுவே நிறை.

மொட்டுகளை அருச்சனைக்குக் கொள்ளலாகாது என்றும், அன்றலர்ந்த மணமலரே ஏற்றது என்றும் பெரியோர் கூறுவர். பல நாள் வாடாதிருக்க மொட்டிலேயே கொய்யப்படும் ரோஜா இம்முறைக்குப் பொருந்துவதில்லை. அன்றாடம் பூத்து அன்றாடம் உதிரும் மலரைப் பெற வீட்டுச் செடியே எளிய வழி.

எட்வர்ட் ரோஜா என்றும் வழங்கும் இச்செடி போர்பன் இனத்தைச் சேர்ந்தது. டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த அவ்வினம், 1817ஆம் ஆண்டளவில் இந்தியப் பெருங்கடலின் போர்பன் தீவில் கண்டறியப்பட்டது. இன்று ரீயூனியன் எனப்படும் அத்தீவில்தான், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் தைப்பூசக் காவடி எடுக்கின்றனர். டமாஸ்க்கின் நறுமணமும், ஆண்டு முழுதும் பூக்கும் சீன ரோஜாவின் இயல்பும் ஒன்றுசேர்ந்த இச்செடி, கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலையும் தாங்குகிறது.

பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஏழெட்டு அங்குல நீளத்திற்கு நறுக்கி, நிழலில் பதியன் வைத்தால் ஓரிரு மாதங்களில் வேர்விடும். பின்னர் ஒன்றரை அடிக் குழியில் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நடவேண்டும். நீர் தேங்கும் கரிசல் நிலமாயின் மேட்டுப்பாத்தி அவசியம். காலை வெயில் நன்கு படவேண்டும்; கோடையில் பிற்பகல் வெயிலுக்குச் சிறிது மறைப்பு இருத்தல் நலம். வேரடியில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும். நீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றவேண்டும். இலை நனைந்தால் கரும்புள்ளி நோய் பற்றும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாயிருப்பின், சேமித்த மழைநீரை இடையிடையே ஊற்றி மண்ணின் உப்பைக் கழுவலாம்.

இறைவனுக்குச் சூட்டி, இல்லத்தார் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மலர் நஞ்சற்றதாய் இருத்தல் வேண்டும். மாவுப்பூச்சியும் இலைப்பேனும் தோன்றின், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் போதும். கோயிலில் அபிஷேகத்துக்கு ஆகும் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கும் உரியதாக்கிப் பரப்பியவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். அவ்வழியில், லிட்டர் நீருக்கு 30 மில்லி வீதம் கலந்து தெளித்தால் செடி செழிக்கும்.

ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில், மழை ஓய்ந்த நாளொன்றில் கவாத்து செய்தல் முறை. வெட்டிய குச்சிகளை எறிய வேண்டியதில்லை. அவற்றை அண்டை வீட்டாருக்கும், நந்தவனம் உள்ள கோயிலுக்கும் வழங்கலாம். பூசை முடிந்து களையும் நிர்மாலியத்தைக் குப்பையில் சேர்க்காது, கால்படாத அச்செடியின் அடியிலேயே இட்டால், மட்கி மீண்டும் மலராகும்.