ஹாப்சிக்கோட் அரங்கில் மேலதிக உருப்படி: வித்தகமும் தேர்வும்

மேலைத்தேய இசையரங்குகளில் நிகழ்ச்சி நிரல் நிறைவுற்ற பின்னர், அவையோர் கைதட்டி வேண்ட, கலைஞர் மீண்டும் வந்து இசைக்கும் சிற்றுருப்படியை ‘ஆன்கோர்’ என்பர். இச்சொல் பிரெஞ்சு மொழிக்குரியதாயினும் பிரெஞ்சு அவையோர் ‘பிஸ்’ என்றே குரலெழுப்புவர். நிரலில் அச்சிடப்படாத இவ்வுருப்படி அவையோரின் வேண்டுகோளுக்குக் கலைஞர் நேரடியாகத் தரும் மறுமொழியாகும். ஆதலால், தமது கருவியைப் பற்றியும் அவையோரைப் பற்றியும் அவர் கொண்டுள்ள கருத்தினை அதன் தேர்வு புலப்படுத்திவிடுகிறது. வித்தகம் மிக்க ஒன்றை இவ்விடத்து இசைப்பதே பெருவழக்கு. ஆயின், ஹாப்சிக்கோட்டைப் பொறுத்தவரை வித்தகம் என்பது யாது? இவ்வினாவுக்கு விடை காணாது அத்தேர்வினைச் செவ்வனே செய்தல் இயலாது.

பியானோவிற் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது; விரலின் வன்மைக்கேற்ப ஒலி பெருகும், குறையும். ஹாப்சிக்கோட்டிலோ, விசையை அழுத்தியதும் மெல்லிய மரத்துண்டொன்று மேலெழுந்து, அதிற் பொருத்தப்பட்ட இறகு முனையினால் தந்தியைச் சுண்டுகிறது. இன்று இறகுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பிளாஸ்ரிக் முனையே வழங்குகிறது. எவ்வளவு வன்மையாக அழுத்தினும் ஒலியளவு குறிப்பிடத்தக்க வகையில் மாறுவதில்லை. எனவே, ஒலியைப் படிப்படியாகப் பெருக்கி அவையை ஆட்கொள்ளும் வழி இங்கு அடைபட்டுள்ளது. வேகம், கைகளின் பாய்ச்சல், சுரங்களின் நெருக்கம், ஒரு சுரத்தை எக்கணத்தில் விடுவது என்னும் கால நுட்பம் ஆகியனவே எஞ்சுகின்றன. இக்கருவியின் வித்தகம் அதன் வரையறைகளிலிருந்தே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்குத் தலையாய சான்று டொமெனிக்கோ ஸ்கார்லாற்றியின் (1685–1757) சொனாற்றாக்கள். நேப்பிள்ஸிற் பிறந்த இவர், போர்த்துக்கேய இளவரசி மரியா பார்பராவின் ஆசிரியராயிருந்து, அவரது மணத்தின் பின் அவருடன் ஸ்பெயினுக்குச் சென்றார். கேர்க்பற்றிக் 1953இல் வகுத்த வரிசைப்படி அவரது சொனாற்றாக்கள் 555. இவற்றுள் 141ஆவது மேலதிக உருப்படியாகப் பெரிதும் விரும்பப்படுவது. ஒரே சுரம் மாறும் விரல்களால் அதிவிரைவாக மீள மீள ஒலிக்கப்படுகிறது; ஸ்பானியக் கித்தாரின் மீட்டல் செவியில் விழுவது போலாகிறது. சுண்டிய மரத்துண்டு கீழிறங்கித் தன்னிலை அடைந்தாலன்றி அடுத்த சுண்டல் நிகழாது. விரலின் திறன் மட்டுமன்றிக் கருவியைச் செப்பஞ்செய்தவரின் திறனும் இங்கு சோதனைக்குள்ளாகிறது. 1738இல் வெளியான 30 சொனாற்றாக்களுக்கு அவர் இட்ட பெயர் ‘பயிற்சிகள்’ என்பது. ஆழ்ந்த புலமையை எதிர்பாராது, கலையுடன் நிகழ்த்தும் நயமான விளையாட்டையே எதிர்பார்க்குமாறு அந்நூலின் முன்னுரையில் வாசகரை அவர் கேட்டுக்கொள்கிறார்.

பிறிதொரு வகையினது பங்கிறாஸ் றுவாயேயின் ‘சித்தியரின் அணிநடை’. பதினைந்தாம் லூயி மன்னனின் புதல்வியருக்குக் காணிக்கையாக்கப்பட்ட 1746ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெறும் இது, அவரது இசைநாடகமொன்றிலிருந்து கருவிக்கு மாற்றியமைக்கப்பட்டதாகும். ஒலியைப் பெருக்க இயலாத கருவியில் முழு வாத்தியக் குழுவின் ஆரவாரத்தைத் தோற்றுவிக்க, இடிபோன்ற சுரவரிசைகளையும் அடர்ந்த சுரக்கூட்டங்களையும் அவர் குவிக்கிறார்.

20ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியரான ஜோர்ஜ் லிகெற்றி 1968இல் இயற்றிய ‘கொன்றினூம்’ இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. நான்கு நிமிடத்துக்குட்பட்ட இவ்வாக்கத்தில், தனித்தனிச் சுண்டல்கள் செவியாற் பிரித்தறிய முடியாத விரைவில் ஒன்றிணைந்து தொடரொலியாகின்றன. ஒலியை நீட்டிக்க மாட்டாத கருவி ஈண்டு நீட்டித்தொலிக்கிறது. இறுதியில் இசை திடீரென அறுபட்டு மௌனம் எஞ்சுகிறது.

தேர்வினைக் கட்டுப்படுத்தும் பருப்பொருட் காரணிகளும் உள. முதலாவது, சுருதியமைப்பு. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசைக்கெனப் பழைய முறையிற் சுருதி சேர்த்த கருவியில் ஒரு சில சுரநிலைகளே இனிமையாக ஒலிக்கும். அதில் றுவாயேயை இசைப்பின் பல கூட்டொலிகள் கரகரக்கும். அத்தகைய அரங்குக்குப் பெர்னார்டோ ஸ்தொறாச்சே 1664இல் வெளியிட்ட ‘சியக்கோனா’ பொருந்தும். இரண்டாவது, விசைப்பலகை. லிகெற்றியின் ஆக்கத்துக்கு இரு விசைப்பலகைகள் இன்றியமையாதன. மூன்றாவது, கருவியின் நிலை. மண்டபத்தின் வெம்மையும் ஈரப்பதனும் நிகழ்ச்சியின் இறுதிக்குள் சுருதியைக் குலைத்திருக்கக்கூடும். நான்காவது, அவையோரின் செவி. கைதட்டலின் பேரொலி ஹாப்சிக்கோட்டின் ஒலியினும் வலிது. மண்டபம் அடங்கும் வரை காத்திராது தொடங்குபவர் முதற் சில அடிகளை இழந்துவிடுவர்.

இவை யாவும் அமைந்த பின்னரும், முன்னர் இசைத்தவற்றுடன் மேலதிக உருப்படி கொள்ளும் உறவு எஞ்சி நிற்கிறது. பாக்கின் ‘கோல்ட்பேர்க் மாறுபாடுகள்’ (1741) 30 மாறுபாடுகளைக் கடந்து தொடக்கத்து இசைக்கே மீள்கிறது. அதன்பின் விரைவு காட்டுதல், கட்டி முடித்த வாதத்தைக் கலைப்பதாகும். அவ்விடத்து இசைக்க மறுப்பதும் ஒரு தேர்வே. ஆரவாரம் மிகுந்த நிரலின் பின், கூப்பெறானின் ‘மர்மத் தடுப்புகள்’ போன்ற தாழ்சுர ஆக்கம் மின்னல் வேகத்தினும் ஆழப் பதியக்கூடும்.

ஸ்கார்லாற்றியும் றுவாயேயும் அரச குடும்பத்தினரின் ஆதரவில் வாழ்ந்தவர்கள். அவர்களது இசையும் அரண்மனை அறைகளைச் சார்ந்தே வளர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், நாட்டைவிட்டோடிய பிரபுக்களின் ஹாப்சிக்கோட்டுகள் அவர்களது ஏனைய உடைமைகளுடன் பறிமுதலாயின. 19ஆம் நூற்றாண்டிற் பியானோ அரங்கை முற்றாக ஆட்கொண்டது. வண்டா லண்டொவ்ஸ்கா (1879–1959) முதலியோரின் முயற்சியால் மீண்ட ஹாப்சிக்கோட் இன்று பொதுமண்டபத்தில் ஒலிக்கிறது. ஓர் இளவரசியின் விரல்களுக்கென அமைந்த அருஞ்செயல்களை நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் கைதட்டி வேண்டிப் பெறலாம். இது வரலாறு ஈட்டித் தந்த உரிமை. அதேவேளை, கைதட்டலை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின், அவையோர் ஏலவே அறிந்து விரும்பும் இரண்டொரு விரைவான ஆக்கங்களே எங்கும் ஒலிக்கும். பரந்ததொரு இசைச்செல்வம் சந்தைச் சரக்காகச் சுருங்கும். கருவியின் வரையறையை வென்ற விதத்தை அவையோர் உணருமாறு இசைக்கப்படும் வித்தகமே அவர்களை மதிக்கும் வித்தகமாகும். ‘எது கைதட்டலைப் பெறும்?’ என்று வினவும் கலைஞருக்கு விடை எளிதிற் கிடைத்துவிடும். ‘இக்கருவியாலன்றி வேறெதனாலும் சொல்ல முடியாதது எது?’ என்று வினவுபவரே தக்க உருப்படியைத் தெரிந்தெடுப்பர்.