பழைய இயந்திரத்தை நிறைக்கு விற்குமுன்

வீட்டை விட்டு வெளியேறி, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது கொட்டிலுக்குள் கிடக்கும் இயந்திரம் துருப்பிடித்துத்தான் இருக்கும். அது தோட்டத்துக்கு நீர் இறைத்த வோட்டர் பம்பாக இருக்கலாம். கரையோரக் குடும்பமாயின் படகின் பின்புறத்தில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரமாக இருக்கலாம். கயிற்றைச் சுற்றி இழுத்தால் அசையாது. பழைய இரும்பு வாங்குபவர் நிறைக்குத்தான் விலை சொல்வார். கையில் காசில்லாத குடும்பம் கொடுத்துவிடும்.

அப்படிக் கொடுக்குமுன் எவற்றைப் பார்க்கவேண்டும்? இதற்கு நல்ல வழிகாட்டிகள், அறுபது எழுபது ஆண்டுப் பழைமையான படகு இயந்திரங்களைத் தேடி எடுத்து மீண்டும் ஓடவைக்கும் சேகரிப்பாளர்கள். அவர்களுடைய வேலைமுறையை இங்கே தருகின்றோம்.

விவசாயி வீட்டுப் பிள்ளை செய்த இயந்திரம்

ஓலே எவின்ரூட் 1877இல் நோர்வேயில் பிறந்தவர். ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் குடியேறினார். தகப்பனார் விவசாயி. மகனோ இளவயதிலேயே இயந்திரப் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தார். கோடைகாலத்தில் ஒருநாள், பின்னர் தம் மனைவியான பெஸ் என்பவருக்காக ஏரியின் மறுகரைக்குத் துடுப்பு வலித்துச் சென்று ஐஸ்கிறீம் வாங்கிவந்தாராம். அது வழியிலேயே உருகிவிட்டதால் படகுக்கு இயந்திரம் பூட்டும் எண்ணம் அவருக்குத் தோன்றியது என்று கதை சொல்வார்கள். 1909இல் அவர் விற்பனைக்கு விட்ட இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலு உடையது. நிறை சுமார் 28 கிலோ. விலை 62 டொலர். விளம்பரம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் பெஸ் கவனித்தார்.

இவருக்கு முன்னரும் இத்தகைய இயந்திரம் செய்தவர்கள் உண்டு. ஆனால் சாதாரண மக்களிடம் அதைப் பரவச் செய்தவர் எவின்ரூட்தான். 1920களில் அலுமினியத்தால் செய்த இலேசான இயந்திரங்கள் வந்தன. இங்கிலாந்தில் 1930களில் தொடங்கிய சீகல் இயந்திரங்கள் எளிமைக்குப் பெயர்பெற்றவை. இன்று சீகல் உற்பத்தி இல்லை. எவின்ரூட் பெயரில் இயந்திரம் செய்வதும் 2020இல் நிறுத்தப்பட்டது. செய்த கம்பனிகள் மறைந்த பின்னரும் அவற்றின் இயந்திரங்கள் பல இன்னும் ஓடுகின்றன. இதற்குக் காரணம் சேகரிப்பாளர்கள். 1965இல் அமெரிக்காவில் அவர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடி, பழைய இயந்திரங்களை ஏரியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள், உதிரிப்பாகங்களை மாற்றிக்கொள்கிறார்கள்.

முதலாவது: பலவந்தம் வேண்டாம்

இறுகிய இயந்திரத்தின் கயிற்றைப் பலங்கொண்டு இழுப்பதே பலர் செய்வது. உள்ளே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் வளையம் உடையும், சிலிண்டர் கீறும். சேகரிப்பாளர்கள் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாக இளகச்செய்யும் எண்ணெயை விட்டு நாட்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு மேலே இருக்கும் கனத்த சில்லைக் கையால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசைப்பார்கள். ஒரு கிழமையில் அசையாதது மூன்றாம் கிழமையில் அசைவதுண்டு. உப்புக்காற்றில் இறுகிய புரிஆணிகளுக்கும் இதே முறைதான். எண்ணெய் விட்டு, இலேசாகத் தட்டி, சற்றுச் சூடாக்கிக் கழற்றவேண்டும். அவசரப்பட்டால் ஆணியின் தலை முறியும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனித் தகரப் பேணியில் போட்டு எழுதிவைப்பதும், கழற்றுமுன் படம் எடுப்பதும் அவர்களுடைய வழக்கம்.

இரண்டாவது: அமுக்கம், பொறி, எரிபொருள்

சில்லு சுழலத் தொடங்கினால் பிளக் துவாரத்தைப் பெருவிரலால் மூடிச் சுழற்றிப் பாருங்கள். விரலைத் தள்ளும் அமுக்கம் இருந்தால் இயந்திரத்தின் உயிர் போகவில்லை.

அடுத்தது மின்பொறி. பழைய இயந்திரத்தில் சில்லுக்கு அடியில் இருக்கும் பொயின்ற் வெள்ளையாகப் பூத்திருக்கும். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, சுத்தமான கடதாசியால் துடைத்தாலே பல இயந்திரங்களில் பொறி வந்துவிடும். பழைய எவின்ரூட், ஜோன்சன் இயந்திரங்களில் இதன் இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீற்றர். பொறியைச் சோதிக்கும்போது அருகில் பெற்றோல் இருக்கக்கூடாது.

மூன்றாவது காபரேற்றர். விட்டுச்சென்ற எரிபொருள் காய்ந்து பிசினாகி, மயிர்போன்ற துவாரங்களை அடைத்திருக்கும். கழுவி, ஊதித் துப்புரவாக்கவேண்டும். கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். மிகப் பழைய இயந்திரங்களில் மிதவை தக்கையால் ஆனது. அதன் அரக்குப் பூச்சு போனால் தக்கை எரிபொருளை உறிஞ்சி அமிழ்ந்துவிடும். அமெரிக்காவில் இப்போது பெற்றோலுடன் எதனோல் கலப்பதால் அரக்கு கரைகிறது. ஆகவே அங்குள்ளவர்கள் வேறு பூச்சுக்களைப் பயன்படுத்துகிறார்கள்.

பழைய படகு இயந்திரங்களில் பெரும்பாலானவை எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடுபவை. புதியவற்றில் ஐம்பது பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். பழையவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். குறைத்துக் கலந்தால் மிச்சப்படுவது சில ரூபாய்; போவது இயந்திரம்.

மூன்றாவது: தண்ணீருக்குள் இருக்கும் பகுதி

கியர் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அடைப்பு வளையத்தை மாற்றவேண்டும். குளிர்த்தும் நீரை ஏற்றும் றப்பர் விசிறி காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். தண்ணீர் நிறைந்த பீப்பாயில் கீழ்ப்பகுதி அமிழும்படி வைத்தே இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கவேண்டும். வெறுமனே ஓட்டினால் சில நிமிடத்தில் சூடேறிப் பழுதாகும்.

பல இயந்திரங்களில் படகின் விசிறியைத் தண்டோடு பிடித்திருப்பது ஒரு சிறிய ஊசி. விசிறி கல்லில் அடிபட்டால் அந்த ஊசி முறியும், கியர் தப்பும். முறிந்த ஊசிக்குப் பதிலாக இரும்பு ஆணியைச் செருகுவது கெட்டித்தனமல்ல. அடுத்த கல்லில் ஆணி முறியாது, கியர்தான் முறியும்.

தோட்டத்து இயந்திரத்துக்கும் இதுவே ஒழுங்கு

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய கார்களையும் வோட்டர் பம்புகளையும் எமது மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனவே பழையதை வாழவைக்கும் கைப்பழக்கம் எமக்குப் புதிதல்ல. அமுக்கம், பொறி, எரிபொருள் என்ற ஒழுங்கு வோட்டர் பம்புக்கும் பொருந்தும். வேறுபாடு ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெரும்பாலான வோட்டர் பம்புகளில் எண்ணெய் தனியாக அடியில் நிற்கும். அதை எரிபொருளுடன் கலக்கக்கூடாது. பழைய எண்ணெயை வடித்துப் புதிது விட்ட பின்னரே தொடக்கவேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்தை நிறுத்துமுன் சற்றுநேரம் பெற்றோலில் ஓடவிட்டால் மறுநாள் தொடக்குவது இலகு.

எல்லா இயந்திரமும் பிழைக்காது. உடல் வெடித்திருந்தாலோ, உள்ளே தண்டு முறிந்திருந்தாலோ செலவழிப்பதில் பயனில்லை. அப்போதும் சேகரிப்பாளர்கள் அதை எறிவதில்லை. ஒரே வகையான இரண்டு செத்த இயந்திரங்களிலிருந்து ஓடும் இயந்திரம் ஒன்றைச் செய்துவிடுவார்கள். ஒரு கிராமத்தில் ஒரே வகைப் பம்புகள் நான்கு வீட்டில் கிடந்தால் அவற்றைத் தனித்தனியே நிறைக்கு விற்பதா, ஒன்றாகக் கொண்டுவந்து வைத்து இரண்டையாவது ஓடவைப்பதா என்று அந்த நான்கு வீட்டாரும் கூடிப் பேசலாம். ஓடும் பம்பின் வாடகையை எப்படிப் பகிர்வது, முறை வைத்து இறைப்பது எப்படி என்பதையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இரும்புக்காரர் அடுத்த கிழமையும் வருவார். அதற்குள் பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டுப் பாருங்கள்.