சீட்டில் எழுதாத மருந்து

சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொல்லும் அறிவுரை கிளினிக் வாசலோடு நின்றுவிடுகிறது. அதை வீடு வரை கொண்டுபோக வழி இருக்கிறது. செலவும் அதிகமில்லை.

தாராவி 90 அடி சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் சின்னச் சின்னக் கிளினிக்குகள் களைகட்டும். பட்டறையும் தையல் கூடமும் விட்டு வருகிறவர்கள் பெஞ்சில் இடம் பிடிக்கிறார்கள். உள்ளே போனால் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை எழுதி, சீட்டை நீட்டும்போது போகிற போக்கில் ஒரு வாக்கியம்: அரிசியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள்.

எங்கே நடப்பது? எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். விடியற்காலையில் நடக்கலாமென்றால் பல சந்துகளில் தண்ணீர் வரும் நேரம் அது. குடத்தை விட்டுவிட்டு நடக்கப் போன பெண்ணை வீட்டில் யாரும் பாராட்டப் போவதில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் ஓய்வுபெற்றவர்கள் கைவீசி நடக்கிறார்கள். செம்பூரில் டயமண்ட் கார்டன் இருக்கிறது. ஆனால் பக்கத்து மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் காற்றைப் பற்றிய புகார் அங்கே பழைய கதை. அறிவுரை ஒன்றுதான். கேட்பவர் எந்தப் பேட்டை என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் இருக்கலாம், வெறும் பேச்சாகவும் இருக்கலாம்.

உணவு, நடை, தூக்கம், புகை, மது, மனஉளைச்சல் ஆகியவற்றைச் சரிசெய்தே நோயைத் தடுப்பதற்கு வாழ்க்கைமுறை மருத்துவம் என்று பெயர். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சாட்சி. சர்க்கரை வியாதியின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவிகிதம் பேர் நோயாளிகளானார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவிகிதம்தான். மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் லாபமில்லை. இன்னொரு வியப்பு: வாழ்க்கைமுறையை மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. ஒல்லியாக இருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

தாராவிக்குப் பொருத்தமான ஒரு விவரமும் அந்த ஆய்வில் இருந்தது. ஏற்கெனவே உடலுழைப்பு செய்கிறவர்களிடம் கூடுதலாக நடக்கச் சொல்லவில்லை. இருப்பதைத் தொடரச் சொன்னார்கள். கும்பர்வாடாவில் மண் மிதிக்கிறவருக்கும் தோல் பட்டறையில் மூட்டை தூக்குகிறவருக்கும் நடைப்பயிற்சி உபதேசம் தேவையில்லை. பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் குனிந்திருக்கும் தையல்காரருக்குத்தான் தேவை. ஒரே சீட்டை எல்லோருக்கும் நீட்டினால் சரிப்படாது.

அப்படியானால் யாருக்கு என்ன சொல்வது? அதற்கு ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம், ஒரு இஞ்சி டேப் போதும். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2005இல் உருவாக்கிய மதிப்பெண் முறையில் நான்கே விவரங்கள்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு இருந்த நோய். தையல்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 45, அதற்கு 20. இடுப்பு 95 சென்டிமீட்டர், 10. நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, 30. அப்பாவுக்குச் சர்க்கரை, 10. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே ஆபத்து அதிகம். வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. ஆனால் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால் 10 குறையும், இடுப்பு 90க்குக் கீழே வந்தால் இன்னொரு 10. ஐம்பதுக்கு வந்துவிடுவார். இதைக் கணக்கிட டாக்டர் வேண்டாம், கிளினிக்கில் சீட்டு கொடுக்கும் பையனே போதும்.

உணவு விஷயத்தில்தான் நம் டாக்டர்கள் சறுக்குகிறார்கள். அச்சடித்த தாளில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சாலட் என்று இருக்கும். தாராவியின் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் அவிக்கும் இட்லிதான் மும்பையின் பல தெருக்களுக்குக் காலை உணவு. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, ஆனால் பெரும்பகுதி அரிசி. சாம்பாரைக் கூட்டி இட்லியைக் குறைக்கச் சொன்னால் புரியும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

மூன்று நிமிட டாக்டரால் இதையெல்லாம் சொல்ல முடியாதுதான். ஆய்வுகளிலும் பலனுக்குக் காரணம் டாக்டரின் ஒற்றை வாக்கியம் அல்ல. ஆலோசகர்கள் மாதாமாதம் போன் செய்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பேசினார்கள். 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிக்கு செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து போனது. இரண்டு ஆண்டுகளில் அவர்களில் 18 சதவிகிதம் பேருக்கு நோய் வந்தது, மற்றவர்களில் 27.

மும்பைக்கு இது அவசரம். 2021இல் நடந்த கணக்கெடுப்பின்படி மும்பைப் பெரியவர்களில் 34 சதவிகிதத்தினருக்கு ரத்த அழுத்தம், 18 சதவிகிதத்தினருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை அதிகம். நாடு முழுவதும் 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள், விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. மாநகராட்சி 2022இல் 'ஆப்லா தவாகானா' என்ற இலவச கிளினிக்குகளைத் திறந்தது. தாராவியில் 'சோட்டா சயான்' என்று மக்கள் அழைக்கும் சுகாதார மையம் ஏற்கெனவே உண்டு. ஆனாலும் பலர் முதலில் ஏறுவது தெருமுனை டாக்டரின் படிதான். அங்கே ஃபீஸ் மருந்துக்கு, ஊசிக்கு. பேச்சுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. 2020இல் கொரோனா பரவியபோது இந்த டாக்டர்களை மாநகராட்சி தன்னோடு சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனது. சர்க்கரை வியாதி மெல்லக் கொல்வதால் அந்தப் பரபரப்பு வருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று அதைத் தாங்களாக நிறுத்தினால் ஆபத்து.

கேரளத்தில் ஊர்க்காரர்களையே பயிற்றுவித்துக் குழுக்களை நடத்தச் செய்து பார்த்தார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1,007 பேர், இரண்டு ஆண்டுகள். 2018இல் வெளியான முடிவில், நோய் வந்தவர்கள் எண்ணிக்கை உறுதியாகச் சொல்லுமளவு குறையவில்லை. ஆனால் குடி குறைந்தது, காய்கறியும் பழமும் கூடின. தாராவியில் ஊர்ச் சங்கங்களுக்கும் கோவில் கமிட்டிகளுக்கும் பஞ்சமில்லை. அவர்கள் கையில் ஒரு இஞ்சி டேப்பைக் கொடுத்துப் பழக்குவது மாநகராட்சிக்குப் பெரிய செலவில்லை.