ஆடி விதைப்புக்கு முன் பிள்ளைகளோடு செய்யும் சோதனைகள்

ஆனி மாதம் பாதி கழிந்ததும் மானாவாரி விவசாயிகள் அடிக்கடி வானத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். உழவுக்கு டிராக்டர் எப்போது கிடைக்கும், உரத்துக்குப் பணம் எங்கே புரட்டுவது, களை எடுக்க ஆள் வருவார்களா என்று பல கவலைகள். வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடக்கும் விதை முளைக்குமா என்ற கவலை மட்டும் பலருக்கு வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை விதைத்தேன். சொந்த விதைதான். மூட்டைகளை வாடகை இயந்திரத்தில் கொடுத்து உடைத்து, பார்வைக்கு நன்றாக இருந்த பருப்பாகப் பொறுக்கி, ஏக்கருக்கு 50 கிலோ வீதம் போட்டேன். மழையும் நன்றாகப் பெய்தது. பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் சாலுக்குச் சால் இடைவெளி. அந்த இடங்களில் மறுபடி விதை ஊன்றினோம். பின்னால் வந்த செடிகள் முன்னால் வந்தவற்றின் நிழலில் சோர்ந்து நின்றன. பறிக்கும்போது ஒரு செடியில் காய் முற்றியிருந்தது, அடுத்த செடியில் பருப்பே பிடிக்கவில்லை. அந்த வருஷம் விதைக்குப் போட்ட பணம்கூட முழுசாகத் திரும்பவில்லை.

அடுத்த ஆனியில், ஆறாம் வகுப்புப் படித்த என் மகளுக்குப் பள்ளியில் விதை முளைக்க வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவரை விதை இல்லை. விதைக்கென்று நான் உடைத்து வைத்திருந்த கடலையில் 25 பருப்பை எடுத்துப் போட்டாள். பத்தாம் நாள் வந்து, "அப்பா, பன்னிரண்டுதான் முளைச்சிருக்கு" என்றாள்.

"நீ தண்ணியை அதிகமா ஊத்தி அழுக விட்டிருப்பே, பாப்பா" என்றேன்.

"அப்போ நீங்களே பக்கத்துல இருங்க, இன்னொரு தடவை போடலாம்" என்றாள்.

இம்முறை 100 பருப்பு. முளைத்தது 53. அப்போதுதான் எனக்குப் போன வருஷத்து வயல் கண் முன்னே வந்தது. நல்ல வேளையாக அந்த ஆண்டு இரண்டு மூட்டையைத்தான் இயந்திரத்தில் உடைத்திருந்தேன், மீதி காயாகவே இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் கையால் உடைத்து, அதே மணலில், அதே நாளில் 100 பருப்பைப் போட்டுப் பார்த்தோம். 71 முளைத்தது. ஒரே களத்தில் காய்ந்த, ஒரே அறையில் இருந்த காய்தான். வித்தியாசம் உடைத்த விதத்தில் இருந்தது. இயந்திரத்தில் அடிபட்ட பருப்பில் தோல் கிழிந்தோ, உள்ளே முளைக்குருத்து அடிபட்டோ இருக்கும். அது எல்லாமே கண்ணுக்குத் தெரிவதில்லை. உடைத்து வைத்ததை எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டு, மீதியை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து கையால் உடைத்தோம். விதைக்க இன்னும் பத்து நாள் இருந்தது. சோதனையை ஆடி பிறந்த பிறகு செய்திருந்தால் அவகாசம் இருந்திருக்காது.

ஆகவே வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். நம்மைவிட ஒழுங்காக எண்ணுவார்கள்.

விதை எண்ணும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் விதைப் பைகளில் சிவப்பு, பச்சை என்று சாயத்தோடு மருந்து தடவிய விதை இருக்கும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அவ்விதச் சோதனையைப் பெரியவர்களே செய்து, முளையை எண்ணுவதற்கு மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடலாம். பூச்சி மருந்து இருந்த டப்பா, பாட்டில் எதையும் எந்தச் சோதனைக்கும் எடுக்க வேண்டாம்.

மூட்டையின் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடங்களில் கைப்பிடி எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். அதிலிருந்து 100 விதையை எடுக்க வேண்டும். இங்கேதான் தவறு நேர்கிறது. பிள்ளைகள் பெரிதாக, பளபளப்பாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். அப்பாக்களும் அப்படித்தான் எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். விதைப்பதற்காக எதைக் கழித்துவிடுவோமோ, அதாவது உடைந்தது, சொத்தை, சுருங்கியது, அதை மட்டும் முன்பே கழித்துவிடலாம்.

கடலைக்கு மணல்தான் நல்லது, துணியில் பூசணம் சீக்கிரம் பிடிக்கிறது. ஆற்று மணலைச் சலித்து, கழுவி, கொதிநீர் ஊற்றி ஆற விட வேண்டும். அடியில் துளையிட்ட பழைய பேசினில் அதைப் பரப்பி, 25 விதையாக நான்கு பாத்தி பிரித்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அந்த ஈரம் போதும்.

நெல், உளுந்து, பாசிப்பயறு, எள் போன்றவற்றை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் வரிசையாக அடுக்கி, பாயைப் போல் சுருட்டி நிழலில் வைத்தால் போதுமானது. தினமும் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். எள்ளை ஆறாம் நாளும், உளுந்து, பாசிப்பயறு இவற்றை ஏழாம் நாளும், நிலக்கடலையைப் பத்தாம் நாளும், நெல்லைப் பதினான்காம் நாளும் எண்ணி முடிக்க வேண்டும்.

எண்ணுவதிலும் கண்டிப்பு தேவை. ஊதிப் பெருத்தது முளையல்ல. வேர் மட்டும் வந்து குருத்து வராதது, வேர் முனை கருகியது, பூசணம் பிடித்து அழுகியது எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. வேரும் குருத்தும் நேராக வந்தவை மட்டுமே வயலில் செடியாகும்.

சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நெல்லுக்கும் எள்ளுக்கும் 80 சதவீதம், உளுந்து, பாசிப்பயறு, துவரைக்கு 75, நிலக்கடலைக்கு 70. நம் சொந்த விதை இதற்குக் கீழே வந்தால் யோசிக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் விதை அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். 70 சதவீதத்துக்கு 50 கிலோ என்றால், 56 சதவீதம் முளைக்கும் விதை எவ்வளவு வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். 50-ஐ 70-ஆல் பெருக்கி 56-ஆல் வகுத்தால் 62½ கிலோ. அதற்கும் கீழே போன விதையை அளவு கூட்டி விதைப்பது வீண். முளைப்பு குறைந்த விதையில் முளைத்ததற்கும் வீரியம் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று. அறுவடையான உடனே எடுத்த நெல் சில ரகங்களில் சில வாரங்கள் வரை முளைக்காது. அது கெட்ட விதையல்ல, உறக்கத்தில் இருக்கிறது. அதைச் சில வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுச் சோதனையில் சந்தேகம் வந்தால் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பி, கட்டணம் செலுத்தி முடிவு பெறலாம்.

முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீர்

சம்பாவுக்கு நாற்று விடுகிறவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் சோதனை இது. வாளித் தண்ணீரில் அன்று இட்ட கோழி முட்டையைப் போட்டால் மூழ்கும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும். மேலே தெரியும் பகுதி நாலணாக் காசு அளவு வந்ததும் உப்பை நிறுத்திவிட வேண்டும். நாலணா 2011-ல் செல்லாமல் போய்விட்டது. பழைய உண்டியலில் ஒன்று கிடைத்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், அதை நம்பி உப்புப் போட்டால் கணக்குத் தவறும்.

இந்தத் தண்ணீரில் விதை நெல்லைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைமணியும் மேலே வந்துவிடும். அவற்றை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கிய நெல்லை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பைக் கெடுக்கும். மிதந்ததில் இருபது, மூழ்கியதில் இருபது எடுத்துக் கழுவி, தனித்தனித் துணியில் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். முளைப்பையும் நாற்றின் உயரத்தையும் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உப்புத் தண்ணீரைச் செடி இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டுங்கள்.

மழை அளக்கும் டப்பா

'ஓர் உழவு மழை' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆளுக்கு ஆள் அந்த உழவு வேறுபடுகிறது. வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் டப்பா ஒன்றை மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் சாயாமல் பதித்து வைத்தால் மழைமானி தயார். மறுநாள் காலை எட்டரை மணிக்கு, வானிலை நிலையங்களிலும் அளக்கும் அதே நேரத்தில், பள்ளி ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 4,050 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் இறங்கியிருக்கிறது. இதைக் கேட்ட என் மகன், "அவ்வளவும் எங்கேப்பா போச்சு?" என்றான்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் வயலில்தான் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டி, ஈரம் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று அளந்து, டப்பா அளவுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே மழை செம்மணலில் ஆழமாக இறங்கும், கரிசலில் மேலாக நிற்கும், சரிவில் ஓடிவிடும். ஒரு பருவம் எழுதி வைத்தால், நம் நிலத்தில் எத்தனை மில்லிமீட்டருக்கு விதை போடலாம் என்பதை அடுத்த ஆண்டு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வரப்பின் மேல்பக்கம் ஒரு குழியும் கீழ்பக்கம் ஒரு குழியும் பார்த்தால் வரப்பு வேலை செய்கிறதா என்பதும் தெரியும்.

மண் எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால், கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத் தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்கலாம். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் தங்கும், வண்டல் அதன் மேல் சில மணி நேரத்தில் படியும், களி படிய ஓரிரு நாள் பிடிக்கும். மூன்று அடுக்கையும் ஸ்கேலால் அளந்தால் பங்கு தெரிந்துவிடும்.

வேரில் இருக்கும் முடிச்சு

விதைப்பு முடிந்து முப்பத்தைந்து நாள் ஆன பிறகு செய்ய வேண்டியது இது. கடலை, உளுந்து விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தோடு ஆறிய கஞ்சியில் கலந்து விதைக்கும்போது, ஒரு சாலுக்கு மட்டும் கலக்காமல் விதைத்துக் குச்சி நட்டு வையுங்கள். பூக்கும் சமயத்தில் இரண்டு சாலிலும் ஐந்தைந்து செடி எடுக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசினால் வேரில் கடுகு போலவும் மிளகு போலவும் முடிச்சுகள் தெரியும். பிள்ளைகள் எண்ணட்டும். பெரியவர்கள் பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முடிச்சு குறைவாகவே இருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். வேரே ஆங்காங்கே வீங்கி, தேய்த்தாலும் வராமல் இருந்தால் அது நூற்புழு. அந்தச் செடியைத் தனியாக எடுத்துவைத்து, வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். மீதி வேரை வயலிலேயே வீசிவிட்டு வராதீர்கள்.